எண்ணெய் விடாத ஃபேன்

களுதாவளையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு
எந்தப் பக்கத்தால் போனாலும் ஒரு பாலம் வரும்.
வாவி அப்படி வளைந்து கிடக்கிறது.
பஸ்ஸில் நான் யன்னல் பக்கம் இருந்தேன்,
அவரை உள்ளே இருத்தி.
கல்லடிப் பாலத்தில் கையைப் பிடிக்கவில்லை,
பிடித்தால் ஏனென்று தெரிந்துவிடும்.
சட்டை நுனியைப் பிடித்திருந்தேன்.

தவநேசன். மின்சார சபையில் மீட்டர் வாசித்தவர்.
செட்டிபாளையத்து நாய்களையெல்லாம்
பேர் சொல்லிக் கூப்பிட்டவர்.
இரண்டு வருஷம், நாலு வகைக் குளிசை.
ஒவ்வொன்றுக்கும் ஆறு கிழமை பொறுக்கச் சொன்னார்கள்.
பொறுத்தோம்.
ஒன்றில் வாய் காய்ந்தது, ஒன்றில் உடம்பு வைத்தது,
மற்ற இரண்டிலும் ஒன்றுமே நடக்கவில்லை.

டொக்டர் ஒன்பது கேள்வி கேட்டு ஓர் எண் எழுதினார்:
இருபத்தேழில் இருபத்திநாலு.
ஊரெல்லாம் எண் வாசித்த மனுசன்
அதைத் திரும்பியும் பார்க்கவில்லை.

கெற்றமின்.
மகனின் முறிந்த கையை நிமிர்த்தும்போது போட்டார்களே,
அதே மருந்துதான். அளவு குறைவு.
நாற்பது நிமிஷம் துளித்துளியாக இறங்கியது.
சஃப்னா மிஸ் பிரஷர் பட்டியைக் கழற்றவேயில்லை.
இடையில் அவர் சொன்னார்:
"கட்டில் கீழ கிடக்கு. நான் மேல நிக்கிறன்."
அவர் பயப்படவில்லை. பயந்தது நான்.

அன்றிரவு பதினொன்றரைக்கு
இருட்டுக்குள்ளிருந்து ஒரு குரல்:
"இந்த ஃபேன் என்ன இப்பிடிக் கத்துது?
இதுக்க எப்பிடி நித்திரை கொள்ளுறாய்?"

இரண்டு வருஷத்தில் முதல் முறைப்பாடு.
எழும்பிப் போய்
குசினியில் லைட் போடாமல் நின்று அழுதேன்.
விடிய, சம்பலுக்கு உப்புக் காணாது என்றார்.
மத்தியானம், கரண்ட் பில்லில் பிழை என்றார்.
மூன்றாம் நாள் தாடி வழித்தார்.

ஆறாம் நாள் ஃபேன் கத்தியது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
அடுத்த நாள் கறிக்கு உப்பே போடாமல் வைத்துப் பார்த்தேன்.
சாப்பிட்டுக் கை கழுவினார்.

கெதியாய் ஏறும், கெதியாய் இறங்கவும் பார்க்கும்,
திரும்பத் திரும்பப் போடவேணும் என்று
டொக்டர் முதலே சொல்லித்தான் இருந்தார்.
எனக்குத்தான் அந்த இரண்டாம் பாதி
காதில் விழவில்லை.

தம்பி எண்ணெய்ப் போத்தலோடு ஏணியில் ஏறினான்.
இறங்கடா என்றேன்.
அது கத்தட்டும். எனக்குத் தேவை.

வியாழன் இரண்டாம் தரம் ஏற்றினார்கள்.
திரும்பி வரும்போது, பாலம் வர முதல்,
"தள்ளு, நான் யன்னல் பக்கம் இருக்கிறன்,
வேர்க்குது" என்றார்.
எழும்பி இடம் கொடுத்தேன்.
தண்ணீரில் வெயில் கிடந்தது. பார்த்துக்கொண்டு வந்தார்.
சட்டை நுனியை மட்டும்
நான் விடவில்லை.