பட்டியலில் இல்லாத தொட்டி

கார் அவனுக்கு. தையல் இயந்திரம் எனக்கு.
யெசெனித்சே நீதிமன்ற எழுத்தர்
கரண்டிகளைக்கூட எண்ணச் சொன்னார்.
பதினொன்று இருந்தன.
அந்த ஒற்றைக் கரண்டிக்காக
ஒரு கணம் எல்லோரும் தலை குனிந்தோம்.

பால்கனியில் இருந்த டாரகன் தொட்டியை
யாரும் பட்டியலில் எழுதவில்லை.
அக்டோபர். தண்டெல்லாம் காய்ந்து
செத்ததைப் போலத்தான் நின்றது.

"பெஹ்த்ரான்?" என்றான் லுட்விக்,
பெட்டியோடு, வாசலில்.
கேட்டது அவ்வளவுதான்.

வசந்தத்தில்தான் பிரிக்க வேண்டும், தெரியும்.
நீதிமன்றம் வசந்தத்துக்குக் காத்திருக்கவில்லை.
தொட்டியைக் கவிழ்த்தேன்.
பாம்புக்குட்டிகள் பின்னிக் கிடப்பதுபோல் வேர்.
ரொட்டிக் கத்தியால் நடுவில் அறுத்தேன்.
சோம்பும் மிளகும் ஈர மண்ணும் கலந்த வாசனை
எழுந்து வந்து
எங்கள் இருவருக்கும் இடையில் நின்றது.

இதற்கு விதை கிடையாது.
எப்போதாவது பூக்கும், மனமில்லாமல்;
ஒன்றும் பிடிக்காது.
எந்த வீட்டில் இருந்தாலும்
யாரோ யாருக்கோ வெட்டிக் கொடுத்த துண்டுதான்.
சில வருடம் பிரிக்காமல் விட்டால்
நடுவேர் கட்டையாகி
தன்னைத் தானே நெரித்துக்கொள்ளும்.
நாங்கள் பதினாறு வருடம்...
வேண்டாம், செடியைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

குளிர்காலம் முழுக்க
உருக்காலைத் தூசி படிந்த பனி தொட்டிமேல் கிடந்தது.
நான் எட்டிப் பார்க்கவும் இல்லை.
மணல் கலந்த ஏழை மண் போதும் அதற்கு;
உரம் போட்டால் இலை கொழுக்கும், வாசம் ஓடிவிடும்.
பகலெல்லாம் ஆய்வகத்தில்
ஊரார் வாய்க்குப் பல் வார்த்துவிட்டு வருகிறவளுக்கு
கவனிக்காமல் விடுவது சுலபமாக வந்தது.
ஏப்ரலில் ஒரு காலை
எறும்பின் மீசையளவு பச்சை.
மறுநாள் ஏழு.

லுட்விக் பேணுகிறவன்.
காலையில் ஒரு குவளை, வேலை முடிந்து ஒரு குவளை,
தூக்கம் வராத இரவில் இன்னொன்று.
கிரானில், மூன்றாம் மாடியில்,
அவன் பாதி அழுகிப்போனது.
என்னிடம் சொல்லவில்லை.
கடையில் விதைப் பொட்டலம் வாங்கியிருக்கிறான்.

ஆகஸ்டில் அழைத்தான்:
"கம்பியைத் தாண்டிவிட்டது, வந்து பார்."
வளர்ந்துதான் இருந்தது, காடு மாதிரி.
ஒரு இலையைக் கிள்ளி முன்பல்லால் கடித்தேன்.
அசல் என்றால் நாக்கு நுனி மரத்துப்போகும்,
ஊசி போட்டதுபோல், ஒரு நொடி.
காத்திருந்தேன்.
புல். வெறும் புல்.
அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதைத் தூவித்தான் பொதித்சா சுட்டிருந்தான்,
பாலாடைக்கட்டியும் முட்டையும் வைத்துச் சுருட்டி.
சுருள் ஒரு பக்கம் பிளந்திருந்தது.
இரண்டு துண்டு தின்றேன்.
"வாசனை இருக்கிறதா?"
"மாவு நன்றாகப் பொங்கியிருக்கிறது" என்றேன்.
இருவரும் சிரிக்கவில்லை.
ஆனால் சிரிப்பு
பக்கத்து அறைவரை வந்துவிட்டுப் போனது.

இந்த ஏப்ரலில் என் தொட்டி முட்டிக்கொண்டது.
கவிழ்த்தேன். அதே கத்தி.
மூன்று துண்டு.
ஒன்று எனக்கு. ஒன்று
ஆய்வகத்தில் எதிர் மேசை நெவெங்காவுக்கு,
போன வருடத்திலிருந்து கேட்கிறாள்.
மூன்றாவதை ஈரச் செய்தித்தாளில் சுற்றி
ஓரத்தில் எழுதினேன்:
தண்ணீர் ஊற்றாதே.

கிரானுக்குப் பேருந்து ஆறு நாற்பதுக்கு.
இப்போது ஆறரை.
விரலெல்லாம் சோம்பு வாசம்.
இன்னும் காலணி போடவில்லை.