தாமதம்: ஒன்பது நிமிடம்

காலை ஆறே முக்கால்.
நகரும் படிக்கட்டின் அடிமூடியைத் திறந்து
சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன்.
ஃபோர்ட் கேனிங் மேட்டிலிருந்து
இரவு மழை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது.
"வரலாமா?" என்றாள் ஒருத்தி.

"ஏழு மணிக்குத்தான் ஓடும், மேடம்.
பக்கத்தில் கல்படி இருக்கிறது."

அவள் கேட்டது மெஷினைப் பற்றி அல்ல.

கழுத்தில் மாநாட்டு அட்டை: நோஹெயா, ஹவாய்.
என் கழுத்திலும் அட்டை. அதில்
இடம் போதாமல் பாதியில் நிற்கும் என் பெயர்:
அழகுசுந்.

"இங்கே யாரிடம் கேட்க வேண்டும்?"

எனக்குத் தெரிந்த அனுமதியெல்லாம் அச்சடித்து வரும்.
நாட்டுக்குள் இருக்க ஒன்று,
குழிக்குள் இறங்க ஒன்று,
உயரத்தில் ஏற இன்னொன்று.
பிளாஸ்டிக் உறை, காலாவதித் தேதி,
சூப்பர்வைசர் கையெழுத்து.
மலைக்கும் ஒன்று உண்டென்று
துவாஸிலிருந்து லாரியில் வந்துபோகும் நான்கு வருடத்தில்
யாரும் சொல்லவில்லை.

இலை பெருக்கிக்கொண்டிருந்த ரம்லியைக் காட்டினேன்.
சீருடையில் இருந்தவர் அவர் ஒருவர்தான்.

ரம்லி துடைப்பத்தைச் சாய்த்து வைத்தார்.
"புக்கிட் லாராங்கான். விலக்கப்பட்ட மலை.
அந்தக் காலத்தில் ராஜா அழைக்காமல்
ஏற மாட்டார்களாம். இப்போது..."
என் படிக்கட்டைப் பார்த்தார்.
எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தேன்,
தவறு செய்தவன் மாதிரி.

"நான் இலைக்கு மட்டும்தான் பொறுப்பு" என்றார் பிறகு.
ஆனாலும், விரல் நீட்டாமல்,
மடக்கிய கையின் கட்டைவிரலால் மேலே காட்டி
"சிலாக்கான்" என்றார்.
வாருங்கள்.

அவள் நடந்தாள். நான் ஏன் பின்னால் போனேனோ.
பையில் ஸ்பேனர் ஒவ்வொரு படிக்கும் மணி அடித்தது.

அவள் தீவிலும் ஒரு மேடை இருக்கிறதாம்.
கறுப்புக் கல், சாந்து தொடாமல் அடுக்கியது.
கூரை எப்போதோ போயிற்று, தெய்வம் போகவில்லை.
வருகிறவர்கள் சுவரில் ஏறிப் படம் எடுப்பார்கள்,
கல்மேல் கல் வைத்துவிட்டுப் போவார்கள்,
அன்பாகத்தான்.
திங்கட்கிழமைதோறும் அந்த அன்பை
ஒவ்வொன்றாய் இறக்கி வைப்பது அவள் வேலை.

மேலே மரத்தூண்கள், மஞ்சள் துணி, நிழல்.
அரசரின் சமாதி என்பார்கள் சிலர்,
இல்லை என்பார்கள் சிலர்.
அவள் விளிம்போடு நின்றுகொண்டாள்.
எதையும் வைக்கவில்லை, எடுக்கவில்லை,
படம்கூட.

இரும்பு முனைச் சப்பாத்தைக் கழற்றினேன்.
இடது காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது.
கும்பிடுவதா, கை கட்டுவதா?
ஸ்பேனர் சத்தமிடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.
அதுவரை தெரிந்தது.

எங்கள் பாஷையில் உத்தரவு என்று ஒரு சொல்.
வரும்போது கேட்பது.
போகும்போது வாங்கிக்கொள்வது.
அவளிடம் சொல்ல ஆசைப்பட்டு
இங்கிலீஷில் துழாவினால்
"ஆர்டர்" என்று வந்தது.
விட்டுவிட்டேன்.

கீழே வந்தபோது ஏழு தாண்டி எட்டு நிமிடம்.
ஓட வந்த இருவர், நிற்கும் படியைப் பார்த்தார்கள்,
தங்கள் மணிக்கட்டைப் பார்த்தார்கள்,
என்னைப் பார்த்தார்கள்.
சாவியை நுழைத்தேன். திருப்பவில்லை.
"உத்தரவு" என்றேன் வாய்க்குள்.

பல்லி எதுவும் சொல்லவில்லை.
கிளமென்சோ அவென்யூவில் ஒரு பஸ்
நின்று மூச்சு விட்டது.
அதையே எடுத்துக்கொண்டேன்.

படிகள் ஒன்றன்பின் ஒன்றாக
மலைக்குள் போகத் தொடங்கின.

பதிவேட்டில்: தாமதம், ஒன்பது நிமிடம்.
'காரணம்' கட்டம் சின்னது.
பாதியில் நிற்கிறது என் எழுத்து:
அனும