செத்தவன் மிதி

ஸாக்ரெப் நகரத்தின் பதினான்காம் எண் டிராமை
இருபத்தேழு வருடம் ஓட்டினேன்.
இடக்கால் சும்மா கிடக்கும்.
வலக்காலுக்குக் கீழே ஒரு மிதி.
அதை அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்,
எடுத்தால் வண்டி தானாக நின்றுவிடும்.
ஓட்டுகிறவள் செத்துப்போனாலும்
ஏறியவர்கள் சாகக் கூடாதே, அதற்கு.
பணிமனையில் அதைச் செத்தவன் மிதி என்போம்.
சொல்லிவிட்டுச் சிரிப்போம்.

நாளைக் காலை ஏழரைக்கு
அந்தக் காலிலிருந்துதான் ரத்தக்குழாய் எடுக்கிறார்கள்,
கணுக்காலிலிருந்து முழங்கால் வரை.
அடைப்பு மூன்று, துண்டு மூன்று.

மருத்துவமனை நிற்கும் மேட்டின் பெயர் ரெப்ரோ.
எங்கள் பேச்சில் விலா எலும்பு.
எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன்,
ஒருமுறைகூட என் விலாவைத் தொட்டுப் பார்த்ததில்லை.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் வந்தாள்.
காதில் பொட்டளவு பச்சைக்கல்.
பல் கட்டியதா, சொந்தமா என்று கேட்டாள்.
இதயத்தை எவ்வளவு நேரம் நிறுத்துவீர்கள்?
ஒரு மணி நேரம், கொஞ்சம் கூடலாம்.
அப்போது யார் ஓட்டுவார்கள்?
இயந்திரம்.
இயந்திரத்தை?
யெலெங்கோ என்று ஒருவர். பதினோரு வருட அனுபவம்.
அவர் இன்று இரவு தூங்குவாரா,
மனைவியோடு சண்டை போட்டுவிட்டு வருவாரா,
கேட்கவில்லை.
என் பயணிகள் என்னிடம் கேட்டதில்லையே.

ராத்திரி வயிற்றில் புளி கரைந்தது.
பக்கத்துக் கட்டில் யாகொதா
மழித்த காலைத் தடவிப் பார்த்து
'கல்யாணத்தன்றுகூட இவ்வளவு வழவழப்பில்லை' என்றாள்.
சிரித்தோம்.
பிறகு அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.
தோள் குலுங்குவது தெரிந்தது.
என்ன சொல்ல?
நிறுத்தங்களைச் சொன்னேன்,
மலையடிவார முதல் நிறுத்தம் தொடங்கி,
ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமில்லாமல்.
ஆற்றுப்பாலம் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.
நான் கடைசி நிறுத்தம் வரை போய்
காலி வண்டியோடு திரும்பி வந்தேன்.

நெஞ்சைத் திறந்து பேசேன் என்று
முப்பது வருடம் கெஞ்சியவன் ஸ்லாவெக்.
திறந்தார்கள்.
நான் ஒன்றும் பேசவில்லை.

விழித்தபோது தொண்டையில் குழாய்.
கட்டுப்போட்ட வலக்கால்
கட்டிலின் அடிப்பலகையை அமுக்கிக்கொண்டிருந்தது.
நர்ஸ் லோவ்ரோ இரண்டு முறை நகர்த்தி வைத்தானாம்.
இரண்டு முறையும் திரும்பப் போய்
அமுக்கியதாம்.

அதற்கப்புறம் எல்லாம் சில்லறை.
மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பா,
ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும்.
ஒரு பந்து எழுந்தது,
மற்ற இரண்டும் வேடிக்கை பார்த்தன.
இருமல் வந்தால் தலையணையை நெஞ்சாரக் கட்டிக்கொள்ளணும்.
ஸ்லாவெக் அந்தத் தலையணையை முறைத்தான்.
தும்மல் வந்த அன்று
மார்பெலும்பு 'டக்' என்றது,
நான் கண்ணை மூடி
இன்னொரு 'டக்'குக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.
இரண்டு கிலோவுக்கு மேல் தூக்காதே என்றார்கள்;
சந்தையில் ஸோர்கா முட்டைக்கோஸை நிறுத்துப் பார்த்து
கேட்காமலே பாதியாக வெட்டினாள்.
காப்பி பொங்கி அடுப்பில் வழிந்ததற்கு
ஒரு மணி நேரம் அழுதேன்.
அது மருந்தால் வருவது என்று தாளில் போட்டிருந்தது.
இருக்கலாம்.

யாகொதா எனக்கு முன்பே வீட்டுக்குப் போனாள்.
கைபேசி எண்ணை எழுதித் தந்தாள்.
ஒரு இலக்கம் குறைகிறது.
கடைசியில் ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்கிறேன்,
இன்னும் நான்கு பாக்கி.

ஒன்பதாம் வாரம், செவ்வாய்க்கிழமை,
பதினான்காம் எண்ணில் ஏறினேன், டிக்கெட் வாங்கி.
ஓட்டியவன் புதுப்பையன், என்னைத் தெரியாது.
வளைவில் கொஞ்சம் வேகம்.
நடு இருக்கையில் உட்கார்ந்த என் வலக்கால்
தரையை அமுக்கத் தொடங்கியது.
காலுறைக்குள் தழும்பு அரித்தது.
விட்டுப் பார்த்தேன்,
ஆறு நிறுத்தம் அமுக்கியது.

பாலத்தின் மேல்
கீழே ஆறு கலங்கிப் போகையில்
மெல்லக் காலைத் தூக்கினேன்.

வண்டி போய்க்கொண்டே இருந்தது.