பச்சை ரேகை

அல் ஐன், அக்டோபர்.
ரவுண்டானாப் புல்லுக்கு
இரவு இரண்டு மணிக்கு வால்வு திறப்பவன் நான்.
நகரம் குளித்துக் கழித்த தண்ணீர்
ஊதாக் குழாயில் திரும்பி வந்து
விசிறி விசிறித் தெளிக்கும்.
பாலைவனத்திடம்
மழை என்று பொய் சொல்லுகிற வேலை.
சம்பளம் எண்ணூற்றைம்பது திர்ஹம்.

பொய்யைப் புல் நம்பியது.
புல்லுக்கடியில் இன்னொன்றும் நம்பிவிட்டது.

விடியும்போது
வட்டத்துக்குள் ஒரு வட்டமாய்
முப்பது, நாற்பது வெள்ளைக் குடை.
உச்சியில் பழுப்புச் செதில்,
தண்டில் ஏறி இறங்குகிற ஒரு மோதிரம்.
கார்கள் சுற்றிச் சுற்றிப் போயின.
கொளஞ்சி மட்டும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குனிந்தான்.
"கறி மாதிரி இருக்கும்டா."

அறைக்கு வந்து
தெரிந்த பரீட்சையெல்லாம் வைத்தான்.
வெள்ளி அரைஞாணைக் கொதியில் முக்கினான், கறுக்கவில்லை.
பூண்டு வெள்ளையாகவே வெந்தது.
எறும்பு மொய்த்திருந்தது, அப்புறம் என்ன?
எதற்கும் இருக்கட்டும் என்று
இரண்டு கரண்டி மஞ்சள்.
காளான் எல்லாவற்றிலும் தேறியது.
கேள்வித்தாளே தப்பு.

டேக் பகதூர் தட்டை நகர்த்தி வைத்தான்.
மலைக்காரன், காளான் தின்று வளர்ந்தவன்.
"எங்கள் காட்டை எனக்குத் தெரியும்,
இந்தப் புல்லைத் தெரியாது" என்றான்.
எனக்கு அன்று பல்வலி.
தப்பித்தது அறிவால் அல்ல.

இரண்டு மணி நேரம்.
நாலு பேர், ஒரே கழிப்பறை.
கொளஞ்சி தண்ணீர் கேட்டான்
தண்ணீரும் தங்கவில்லை.

ஆஸ்பத்திரிப் பதிவு மேஜையில்
அவன் கட்டைவிரலை இயந்திரம் ஏற்கவில்லை.
துடைத்து, ஊதி, மறுபடி வைத்தார்கள்.
சிவப்பு விளக்கு.
பதினோரு வருட மண்வெட்டி
ரேகையைத் தின்றிருந்தது.

டாக்டர் கேட்டது ஒன்றுதான்:
"சாப்பிட்டு எத்தனை மணி நேரத்தில்?"
"இரண்டு."
அவர் தோள் கொஞ்சம் தளர்ந்தது.
சீக்கிரம் கத்துகிற விஷம் பரவாயில்லையாம்.
அதற்காக நம்பிவிடவும் முடியாதாம்.
இன்னொரு ஜாதி இருக்கிறது,
அரை நாள் வாய் திறக்காது.
பிறகு ஒரு பாடு படுத்தும், பிறகு விட்டுவிடும்.
ஆள் எழுந்து உட்கார்ந்து
கஞ்சி கேட்பான், வீட்டுக்குப் போன் பேசுவான்.
அப்போதுதான் உள்ளே
கல்லீரலின் கணக்கை முடித்துக்கொண்டிருக்கும்.
"வேகாத மிச்சம் இருக்கிறதா?
வெள்ளைத் தாளில் கவிழ்த்து வை."

வாளிக்குப் பின்னால் ஒரே ஒரு குடை.
தண்டை அறுத்தேன்.
கிடைத்த வெள்ளைத் தாள்
கொளஞ்சியின் சம்பளச் சீட்டு, பின்பக்கம்.
சட்டியால் மூடிவிட்டுக்
காத்திருந்தேன்.

காலையில் தூக்கினால்
நடுவிலிருந்து விளிம்புக்குக் கோடு கோடாய்
பச்சை.
புளி காணாத செம்பில்
களிம்பேறுமே, அந்தப் பச்சை.
இத்தனை வெள்ளைக்குள்
இதை எங்கே வைத்திருந்தது?
மை இல்லை, அழுத்தம் இல்லை,
யாரும் விரலைப் பிடித்து வைக்கவில்லை.
சும்மா இருந்து
தன் பெயரைத் தானே எழுதிவிட்டது.

போனில் படம் பார்த்த டாக்டர்
"இதுதான், பிழைத்துக்கொள்வார்கள்" என்றார்.

நாலாம் நாள் கொளஞ்சி திரும்பினான்.
நாலு நாள் பிடித்தம் என்ற மெசேஜ்
அவனுக்கு முன்பே வந்திருந்தது.
சூப்பர்வைசரின் புது உத்தரவு:
குடை முளைத்தால் விடியுமுன் வெட்டு.
வெட்டுகிறேன்.
வெட்டுவது தலையைத்தான்.
கீழே வட்டம் முழுக்க ஓடுகிற வெள்ளை நூலுக்கு
என் வால்வுச் சத்தம் பழக்கம்.

சம்பளச் சீட்டைக் கேட்டு வாங்கினான்.
முன்பக்கம் திருப்பவில்லை.
பச்சைத் தூளில் கட்டைவிரலை அழுத்தி
பக்கத்தில், வெறும் தாளில் ஒற்றினான்.
வழவழவென்று ஒரு பச்சைப் பொட்டு,
ஒரு கோடு இல்லை.
இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

"சோறு போடப் போகிறேன்,
முதலில் கையைக் கழுவு" என்றேன்.