நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு

உலான்பாத்தர், ஜனவரி, மைனஸ் முப்பத்தொன்று.
மூன்றாம் மாடியில் நான், ஒரு சர்வர்,
உறைந்துபோன ஓர் எண்: இருநூற்றுப் பன்னிரண்டு.
இரவு பதினொன்று நாற்பதிலிருந்து
நகரத்தின் புகை ஏறவுமில்லை இறங்கவுமில்லை
என்கிறது திரை.
சன்னலைத் திறந்தால் மூக்கு வேறு சொல்கிறது.

மேட்டில் கெர் கூடாரங்கள்,
ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு குழாய், உள்ளே நிலக்கரி.
விடிந்ததும் பதினேழு பள்ளிகள் இந்த எண்ணைப் பார்த்துத்தான்
பிள்ளைகளை முற்றத்துக்கு விடும், அல்லது விடாது.

'எல்எஸ்' என்று அடித்தேன்.
வளம் தற்காலிகமாக இல்லை, என்றது லினக்ஸ்.
'பிஎஸ்'. இல்லை.
'டாப்'. இல்லை.
தற்காலிகமாக என்ற சொல்லில்தான் எத்தனை மரியாதை.

யொந்தோனை எழுப்பினேன். பின்னால் அவன் மகள் இருமினாள்.
"மூடிட்டு மறுபடி உள்ளே வாயேன்," தூக்கக் குரல்.
'எக்ஸிட்'. நான்கு எழுத்தும் அடித்தாயிற்று,
என்டரின் மேல் விரல்.

அப்போதுதான் உறைத்தது:
இந்தக் கணக்குக்கு நாலாயிரத்துத் தொண்ணூற்றாறு உயிர்தான் அனுமதி.
அதில் ஒன்று நான் பேசிக்கொண்டிருக்கும் இந்த ஷெல்.
இது போனால் அந்த இடத்தை வேறொன்று பிடித்துக்கொள்ளும்,
எனக்கு மறுபடி கதவு இல்லை.
ரூட் கடவுச்சொல் இயக்குநரின் பெட்டகத்தில், அரக்கு வைத்த உறையில்.
இயக்குநர் தார்கானில், மச்சினன் கல்யாணத்தில்.

நான்கு எழுத்தையும் ஒவ்வொன்றாக அழித்தேன்,
மூச்சை விடாமல்.

புதிதாக எதுவும் பிறக்காது. சரி.
கூடு விட்டுக் கூடு பாயலாம், எக்ஸெக் என்று ஒன்று உண்டு;
பாய்ந்தபின் திரும்பி வரக் கூடு இருக்காது.
வேறு என்ன, இந்த ஷெல் பிறக்கும்போதே கொண்டுவந்தது?
எக்கோ. ரீட். கில்.
இருப்பதை வைத்துத்தான் இன்றைய சமையல்.

ப்ராக் அடைவை எக்கோ செய்தேன்.
எண்கள் கொட்டின, திரை வழிந்தது.
ஒன்றை எடுத்து ரீடால் வரிவரியாகப் படித்தேன்.
நிலை: ஸோம்பி.
அடுத்தது: ஸோம்பி.
அடுத்தது.
ஒன்றைக் கில் செய்தும் பார்த்தேன்.
செத்த பாம்பை அடிப்பது என்பார்களே, இதுதான்.

எல்லாவற்றுக்கும் ஒரே தாய்: 2218.

2218-ஐ எனக்குத் தெரியும்.
புகை இருநூறைத் தாண்டினால் அது ஒரு பிள்ளை பெறும்;
பிள்ளை ஓடிப்போய் யாரோ ஒருவரின் கைபேசியில்
'சன்னலை மூடுங்கள்' என்று சொல்லிவிட்டுச் சாகும்.
அந்தச் சாவை ஏற்று, எண்ணை விடுவிக்க,
தாய் ஒரு நொடி நிற்க வேண்டும்.
வெயிட். ஒரே ஒரு வரி.
நிரலையும் ரீடாலேயே திறந்தேன்.
வரி இருந்தது. முன்னால் ஒரு குறி போட்டு
அதை ஊமையாக்கியிருந்தது.
பக்கத்தில் காரணம்: 'தாமதமாகிறது.'
அக்டோபர் பதினாறு. பெயர் என்னுடையது.

அக்டோபரில் புகை ஏது?
நாளுக்கு ஆறு பிள்ளைகள், யார் கண்ணிலும் படாமல்.

"வரம்பை எட்டாயிரமாக்கச் சொல்லேன் யாரிடமாவது," என்றான் யொந்தோன்.
இடுகாட்டையா அகலப்படுத்துவது?

கில், 2218.
ஒரு கணம் ஒன்றும் நடக்கவில்லை.
பிறகு அநாதையான அத்தனையையும்
ஒன்றாம் எண் வாங்கிக்கொண்டது.
அது யாரையும் எதுவும் கேட்பதில்லை.
குறித்துக்கொள்ளும், விட்டுவிடும்.
எல்எஸ் அடித்தேன். வந்தது.
வெறும் கோப்புப் பெயர்கள், பாதி நானே வைத்த அசட்டுப் பெயர்கள்.
தொண்டை அடைத்தது.

குறியை நீக்கி மறுபடி ஓட்டினேன்.
மூன்று ஐம்பத்திரண்டுக்கு எண் அசைந்தது:
நானூற்று எண்பத்தேழு.

யொந்தோனுக்கு அனுப்பினேன். உடனே பதில்:
'பழைய எண்ணே நன்றாக இருந்தது.'
சற்றுப் பொறுத்து இன்னொன்று:
'சன்னலுக்கு ஒட்டும் டேப் தீர்ந்துவிட்டது,
ஆபீஸில் இருக்கிறதா?'