இருநூற்று எழுபத்தொரு கிராம்

எட்மன்டனில் அன்று மைனஸ் முப்பத்தொன்று.
சுடுநீர்த் தொட்டிக்குப் பின்னால்
விழுந்த காலுறையைத் தேடிக் கைவிட்டேன்.
வேறொன்று வந்தது கையில்.
கத்தவில்லை.
கத்தினால் கேட்க வீட்டில் ஆளில்லை.

ஏழு கிழமைக்கு முன் தொலைந்தது.
செம்மஞ்சள் முதுகு,
அடிவயிற்றில் சோளப்பொத்தியின் கட்டங்கள்.
ஆரூரன் வைத்த பெயர் பிஸ்கட்.
காணாமல் போன அன்று
சோபாவின் அடித்துணியைக் கிழித்தான்,
காற்றுக் குழாய் மூடிகளைக் கழற்றினான்,
கதவோரமெல்லாம் கோதுமை மா தூவி
ஊர்ந்த தடம் பார்க்க விடியுமட்டும் இருந்தான்.
விடிந்தபோது மாவில்
என் காலடி மட்டும்.

பிறகு கல்கரியில் வேலை என்று போனான்.
வெறும் கண்ணாடிப் பெட்டியைக் கொண்டுபோகவில்லை.

மிருக வைத்தியசாலைப் பெண் தொலைபேசியில் சொன்னாள்:
உடனே சூடாக்க வேண்டாம், மெல்ல, மெல்ல.
இடியப்பத்துக்கு மா குழைக்கும் சட்டியில்
இளஞ்சூட்டுத் தண்ணீர்,
ஒரு விரற்கடை ஆழம்.
(அந்தச் சட்டி இனி மாவுக்கு இல்லை.)
கேக்குக்குச் சீனி நிறுக்கும் தராசில்
வைத்துப் பார்த்தேன்:
இருநூற்று எழுபத்தொன்று.
குளிர்பெட்டிக் கதவில் இன்னும் ஒட்டியிருந்தது
செப்டெம்பரில் அவன் எழுதிய முந்நூற்று நாற்பது.

சுடுகுழாய் பட்ட இடம் இரண்டு,
விரல்நகம் அளவு.
முதியோர் இல்லத்தில்
கோவல்சுக் ஐயாவின் குதிக்காலுக்கு
நான் பூசுகிற அதே வகைக் களிம்புதான்
வைத்தியரும் எழுதித் தந்தார்.
கைக்கு வேலை தெரிந்திருந்தது.
புண்ணைச் சுற்றித்தான் தொடவேண்டும்,
தொடுமுன் சொல்லவேண்டும்.

இரவில் அதன் பேரைச் சொல்லாதே,
கயிறு என்று சொல் என்பார்கள்.
இங்கே டிசம்பரில் நாலேகாலுக்கே இரவு.
ஆகவே, கயிறே, கொஞ்சம் குடி என்றேன்.
கயிறு குடித்தது.
தொண்டையில் ஒரு சின்ன அசைவு, அவ்வளவுதான்.
அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில்
என் தேத்தண்ணி ஆறிப்போனது.

எலிக்குஞ்சு உறைபெட்டியில் இருந்தது,
மீன்தலைக்கும் முருங்கைக்காய்ப் பொதிக்கும் நடுவில்.
முதல் தடவை முகத்தைத் திருப்பியது.
நாலு நாள் விட்டு, மறுபடியும் திருப்பியது.
மூன்றாவது தடவை வெள்ளிக்கிழமை,
நான் மச்சம் தொடாத நாள்.
சுடுநீரில் இளக்கி
இடுக்கியால் பிடித்து ஆட்டினேன்.
வெட்டென்று வந்து கவ்விய வேகத்தில்
சரிந்து கதிரையில் மோதினேன்,
தனியாக இருந்து சிரித்தேன்.
விழுங்க ஒன்பது நிமிடம்.

அதற்குப் பிறகுதான் சொன்னேன்,
காது இல்லாத அதனிடம்:
அன்று பெட்டியைத் துடைத்தது நான்.
மூடியில் இரண்டு கொளுவி.
ஒன்று டக் என்றது.
மற்றது சொல்லவில்லை.
கேட்கவில்லையா,
கேட்காதது நல்லதென்று விட்டேனா?
எனக்கு அந்தக் கண்களைப் பிடிப்பதில்லை,
அது மெய்தான்.
அவன் சோபாவைக் கிழிக்கையில்
டோர்ச் பிடித்துக்கொண்டு நின்றேன்,
அதுவும் மெய்தான்.

தோல் உரிகையில் முழுதாக வரவில்லை.
கண்மேல் பழைய மூடி,
பால் படிந்த மாதிரி.
இழுக்கக்கூடாதாம்.
ஈரத் துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தேன்,
செய்தி முடிந்து, வானிலை முடிந்து,
ஹொக்கியில் யாரோ தோற்றும் முடிந்தது.
துவாயில் இரண்டு செதில் ஒட்டியிருந்தன.
அது என்னைப் பார்த்தது.
பார்க்கட்டும்.

ஞாயிறு அவன் எடுத்தான்.
காருக்கு எண்ணெய் மாத்தினீங்களா?
மாத்தினேன். பிஸ்கட் கிடைச்சிட்டுது.
நெடுநேரம் ஒன்றுமில்லை.
பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம்.
எங்க இருந்தது அம்மா?
வீட்டுக்குள்ளதான்.
சாப்பிடுதா?
சாப்பிடுது.
மூடி எப்படித் திறந்ததென்று
அவன் கேட்கவில்லை.
கேட்டால் சொல்லத்தான் இருந்தேன்
என்று எழுதலாம். எழுதவில்லை.

இன்று இருநூற்று எண்பத்தாறு.
அவனுடைய எண்ணுக்குக் கீழே என் எழுத்து.
மூடியை வைத்து அழுத்தினேன்:
டக்.
மறுபக்கம், டக்.
விளக்கை அணைத்து மாடிப்படி பாதி ஏறி
திரும்ப இறங்கி வந்து
அழுத்திப் பார்த்தேன்.