மூன்றாவது இனம்

சத்துவாச்சாரி நுகர்வோர் கோர்ட்டில் கொடுத்த
தீர்ப்பு நகல் ஆறு பக்கம்.
ஐஸ் பெட்டி வாடகை இரண்டாயிரத்து ஐந்நூறைத் திருப்பித் தர வேண்டும்.
அதற்கு ஒன்பது சதவீத வட்டி.
மூன்றாவது இனம், மன உளைச்சல்:
பதினைந்தாயிரம்.

குடியாத்தத்தில் கத்திரி வெயில் அப்போது.
மாலை ஆறு மணி என்று ரசீதில் எழுதிய பெட்டி
பதினொன்றுக்கு வந்தது.
வந்தும் குளிரவில்லை.
ஏழுமலை மோட்டாரைத் தட்டிக்கொண்டே இருந்தான்.
கண்ணாடியின் உள்பக்கம் ஈரம் கோத்தது.
அம்மாவுக்கு வேர்க்கிறது என்று நினைத்து
எதிர்வீட்டுப் பிள்ளை துடைக்கத் துணி கேட்டது.

விடிந்ததும் எடுத்துவிடுங்கள் என்றார்கள்.
எடுத்துவிட்டோம்.
மஸ்கட்டிலிருந்து தம்பி ஜலகண்டன் இறங்கியபோது
கவுண்டன்யா கரையில்
சாம்பல் இன்னும் சுட்டது.

"உளைச்சல் என்கிறீர்களே, டாக்டர் சீட்டு இருக்கா?"
எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்.
இல்லை.
இருந்தாலும் அது என் பெயரில் இருந்திருக்காது.

மனுதாரர் நான். செக் எனக்குத்தான் வந்தது.
பாதியைத் தம்பிக்கு அனுப்பினேன்,
ஏழாயிரத்து ஐந்நூறு.
அன்றிரவே திரும்பி வந்தது.
கூடவே ஒரு வரி:
"நீ பாத்தல்ல, மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு மட்டும் எழுது."

'தூங்குற மாதிரி' என்று அடிக்கிறேன்,
அழிக்கிறேன்.